அந்தோனியாரோடு கெரம் ஆடிய கஸ்பர்

ஸ்டோர் கஸ்பர் அந்தோனியாரோடு கெரம் விளையாடித் தோற்றவர் என்று பொகவந்தலாவைப் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பந்தயமும் லேசுப்பட்டது இல்லையாம். கஸ்பர் கெலித்தால் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறலாம். தோற்றால் சாகும்வரை தோட்டத்திலேயே கிடக்க வேண்டும். அந்தோனியார் ஒரு கையில் குழந்தை இயேசுவைப் பிடித்தபடி, மறு கையிலிருந்த லீலிப் பூவைக் கொஞ்சம் பெஞ்சில் வைத்துவிட்டு, உட்காராமலேயே ஆடினாராம். ராகலையில் இன்னும் ஒரு படி மேலே போய், முதல் ஆட்டத்தைச் சாமி வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்கிறார்கள். வலப்பனையிலிருந்து கலியாணத்துக்கு வந்த ஒருவர், சிவப்புக் காயைப் போட்டதே குழந்தை இயேசுதான் என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் இலையில் கை வைத்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. நடந்ததிலும் சாமி இருந்தார், கெரம் காய் இருந்தது, கப்பலும் இருந்தது. ஆனால் ஊர் கோத்த மாதிரி அவை கோக்கப்படவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமானால் முதலில் கஸ்பர் என்கிற ஆளைச் சொல்ல வேண்டும்.

தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் மெசினில் அவருக்கு வேலை. புருவத்தில் எப்போதும் தேயிலைத் தூள் இருக்கும். பெண்சாதி மரியநாயகி கலியாணமான புதிதில் அதைத் துடைத்துவிடப் பார்த்து, பிறகு அது அவரோடு பிறந்தது என்று விட்டுவிட்டாள். ரோலர் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடிப் பழகிய தொண்டை. மேல் டிவிசனில் இருக்கிற சின்ன அந்தோனியார் கோயிலுக்கு பாதர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் சொல்லுவதும் பாட்டு எடுத்துக்கொடுப்பதும் கஸ்பர்தான். அவர் எடுத்துக்கொடுத்தால் கீழ் லயத்து வரிசை வீடுகளில் கட்டிய மாடு திரும்பிப் பார்க்கும். அந்தக் கோயிலில் பாட்டு என்றால் கஸ்பர் பாடுகிறதுதான் பாட்டு. மற்றவர்கள் பின்னால் இழுபடுவார்கள்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் எழுத்து என்று எதைக் கண்டாலும் விடமாட்டார். கடையில் சீனி சுற்றிக் கொடுக்கிற தாளைப் பிரித்து, சீனியை டின்னில் தட்டிவிட்டு, தாளை முழங்காலில் வைத்து நீவி நீவிப் படிப்பார். அநேகமாக இந்தியப் பத்திரிகைத் தாள். கதாநாயகி கிணற்றுச் சுவரில் ஏறி நிற்பாள், தாள் முடிந்துவிடும். அடுத்த வாரம் அதே கடையில் பருப்பு வாங்கினால், வேறு ஏதோ கதையில் வேறு எவனோ மாமனாரிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பான். கஸ்பர் கிணற்றடியில் நிற்கிறவளை நினைத்துச் சோறு இறங்காமல் கடைக்காரரிடம் போய்ப் போன வாரத்துக் கட்டிலேயே இன்னொரு தாள் கேட்பார். பருப்பு வேண்டுமா, கதை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பார். கஸ்பர் இரண்டும் என்பார். அவருக்குத் தெரிந்த இந்தியா முழுவதும் அந்தத் தாள்களில் இருந்தது. எல்லாம் பாதியில் நின்றன.

கோயிலின் பின் அறையில் வாலிபர் சங்கத்துக்கென்று எப்போதோ வாங்கிய கெரம் போர்டு ஒன்று உண்டு. வாலிபர்களுக்கெல்லாம் வயிறு விழுந்த பிறகு அது கஸ்பருக்கும் சோலைமலைக்கும் சொந்தமானது. சோலைமலை மாரியம்மன் கோயில் காரியதரிசி. ஞாயிறு பின்னேரம் வந்துவிடுவார். கஸ்பரிடம் ஒரு வித்தை இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டுக் காயை உள்ளங்கையில் வைத்தால் கறுப்பா வெள்ளையா என்று சொல்லிவிடுவார். கறுப்பில் சாயம் ஏறியிருப்பதால் வழுக்குமாம், வெள்ளை கொஞ்சம் சொரசொரக்குமாம். இதை வைத்தே பொடியன்களிடம் எத்தனையோ பிளேன்டீ குடித்திருக்கிறார்.

ஆட்டத்தைவிட அங்கே பேச்சுத்தான் அதிகம். தவக்காலத்தில் கெரம் ஆடினால் பாவமா, ஆடும்போது காய் விழவேண்டும் என்று செபம் பண்ணினால் அது அதைவிடப் பாவமா என்று கஸ்பர் குழம்புவார். சோலைமலைக்கு அந்தக் குழப்பமே கிடையாது. "நீ ஒஞ்சாமிய கும்புட்டு அடிக்கிற, நா எஞ்சாமிய கும்புட்டு அடிக்கிறேன். ரெண்டு பேரும் மேல ஒக்காந்து என்னாப்பா பண்ணுவாங்க? அவங்களும் ஒரு போர்டு வச்சிருப்பாங்க" என்றார் ஒரு நாள். கஸ்பர் சிரித்தார். பிறகு ஸ்டோரில் நின்றுகொண்டு, அப்படியும் இருக்குமோ என்று யோசித்தார். அவர் சுபாவம் அது.

இப்படிப்பட்ட மனுசனிடம்தான் எண்பத்திரண்டாம் வருடம் இந்தியப் பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது.

மரியநாயகியின் அண்ணன் லோரன்ஸ், தாயையும் கூட்டிக்கொண்டு முந்தின வருடமே கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய்விட்டார். அவர் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில், மச்சான் போடுகிறாரே என்று கஸ்பரும் போட்டது. போட்டதையே மறந்திருந்தார். பாஸ்போர்ட் வந்ததும் மரியநாயகி அதைச் செபமாலையோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். கொழுந்து எடுக்கப் போகிற வழியெல்லாம் யாருக்கு எந்தச் சட்டி, யாருக்கு எந்தக் கோழி என்று பங்கு பிரித்துக்கொண்டு போனாள். அம்மாவைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேறு கேள்வியே இல்லை. பாஸ்போர்ட் எடுத்தவன் போகாமல் நின்றால் பொலிஸ் வந்து ஏற்றும் என்றார்கள் சிலர். ஒரு மண்ணும் நடக்காது என்றார்கள் சிலர். கஸ்பர் இரண்டு பேச்சையும் நம்பினார்.

அந்த நேரம் பார்த்து லோரன்ஸிடமிருந்து கேசட் வந்தது. எழுதினால் கை வலிக்கும் என்று பேசி அனுப்பியிருந்தார். லயத்தில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தது சோலைமலை மட்டும்தான். மாரியம்மன் திருவிழாவுக்கென்று ஹட்டனில் வாங்கியது. ஆகவே கிறிஸ்தவக் கேசட்டைச் சோலைமலை வீட்டில், மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்துப் போட்டார்கள். பத்து வீட்டுச் சனமும் உள்ளே. லோரன்ஸ் மச்சானை வரச் சொன்னார். கோயில் நம்ம ஸ்டோரைவிடப் பெரிசு என்றார். லயத்துக் குளிர் இல்லை என்றார். நடுவில் கிழவி வந்து, மரியா, மரியா என்று இரண்டு தடவை கூப்பிட்டு, பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் இருமிவிட்டுப் போனாள். மரியநாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கடைசியில் இந்தியப் பக்கத்து, அங்கத்திக் கோயில் பாட்டு. அந்தோனியார் பாட்டு. கஸ்பர் வருடம் முழுக்க எடுத்துக்கொடுக்கிற அதே பாட்டு. கஸ்பரும் கூடவே பாட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சொல் அதே சொல். ராகம் வேறு. இவர் ஏறுகிற இடத்தில் அவர்கள் இறங்கினார்கள். இவர் இழுக்கிற இடத்தில் வெட்டிக்கொண்டு போனார்கள்.

சோலைமலை, பெட்டரி இறங்கிவிட்டது, அதுதான் இழுக்கிறது என்றார். பெட்டரியை வெயிலில் காயவைக்கலாம் என்றார்கள். பொகவந்தலாவையில் அந்த மாதம் வெயிலை எங்கே போய்த் தேடுவது? அடுப்புத் திட்டில் வைத்துச் சூடு காட்டிப் போட்டார்கள். லோரன்ஸின் குரல் பிசாசு பிடித்தவன் குரல் மாதிரி வந்தது. பிள்ளைகள் அலறின. மறுநாள் கஸ்பர் கடைக்குப் போய்ப் புதுப் பெட்டரி வாங்கி வந்து போட்டார். அங்கத்திச் சனம் இன்னும் வேகமாக, இன்னும் வேறு மாதிரிப் பாடியது.

அன்றிலிருந்து அவர் ஒரு வகையாக ஆகிவிட்டார். பாட்டனார்கள் ராமேஸ்வரம் வழியாகக் கொண்டுவந்த பாட்டுத்தானே. நடுவில் மாறியது இங்கேயா அங்கேயா? ரோலரோடு சேர்ந்து பாடிப் பாடித் தானே கெடுத்துவிட்டாரோ? சோலைமலையைக் கூப்பிட்டு இரண்டு மாதிரியும் பாடிக் காட்டி எது சரி என்று கேட்டார். சோலைமலைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. "ஏம்ப்பா, போறதுக்கும் பாட்டுக்கும் என்னா இருக்கு? அங்க போயி அவங்க மாதிரிப் பாடு" என்றார்.

"அங்க போனா நா பின்னால நிக்கிறவன்ப்பா."

சொல்லிவிட்டு கஸ்பரே திகைத்துப்போனார். அது என்ன பேச்சு? பெண்சாதிக்கு அம்மா இருக்கிறாள், பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு நாடு வேண்டும். இவன் என்னடாவென்றால் பாட்டில் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று பார்க்கிறான். இது அகங்காரம் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி, அந்த நினைப்பை அமுக்கிவிட்டார். அமுக்கியது அடங்கவில்லை.

வேதப் புத்தகத்திடம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு பிரித்து விரல் வைக்கிறது அங்கே எல்லாரும் செய்கிறதுதான். முதல் தடவை இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று ஒரு பக்கம் நிறையப் பிறந்துகொண்டேயிருந்தார்கள். அதில் ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த தடவை, ஊரைவிட்டு இனத்தைவிட்டுப் புறப்படச் சொல்லி ஒருவருக்குக் கட்டளை வந்திருந்தது. மரியநாயகியிடம் சொல்லலாம் என்று எழுந்தவர், எதற்கும் இன்னொரு தடவை என்று பிரித்தார். அந்த ஆளுடைய மகனுக்கு, எங்கேயும் போகாதே, இருக்கிற இடத்திலேயே இரு என்று கட்டளை. தகப்பனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. கஸ்பர் புத்தகத்தை மூடி, மறுபடி பிரிக்காமலிருக்க மேலே ஒரு பூட்டைத் தூக்கி வைத்தார்.

பாதர் வந்த ஞாயிறு, பூசை முடிந்து அவர் தேத்தண்ணி குடிக்கும்போது, போகவா இருக்கவா என்று கஸ்பர் கேட்டார். பாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அதைத்தான் பாதர் உங்களிடம் கேட்க வந்தேன் என்றார் கஸ்பர். ஆண்டவர் புத்தி கொடுத்திருக்கிறார், அதைப் பாவித்து முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டு பாதர் ஜீப்பில் ஏறினார். புத்தி கொடுத்ததுதான் தொந்தரவே என்பது கஸ்பரின் கட்சி.

கப்பலுக்குப் பேர் கொடுக்கிற நாள் நெருங்கியது. மரியநாயகி வாய்விட்டே கேட்டுவிட்டாள். "என்னங்க, போறமா இல்லியா? ஒண்ணு சொல்லிருங்க. நா கோழிய விக்கவா, அட வைக்கவா?"

அந்தோனியார்கிட்டக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் கஸ்பர். அந்தோனியார் சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது.

அங்கே பழைய ஆட்களிடம் திருவுளச் சீட்டுப் போடுகிற வழக்கம் உண்டு. போ என்று ஒரு தாள், இரு என்று ஒரு தாள், மடித்துச் சாமி காலடியில் வைத்து, செபம் சொல்லி ஒன்றை எடுக்கிறது. பாதர்மாருக்குப் பிடிக்காது, அதனால் பாதர் இல்லாத நாளில் போடுவார்கள். கஸ்பரும் தாள் கிழித்தார். மடித்த பிறகு எந்த மடிப்பு எது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. குலுக்கினார், அப்போதும் ஞாபகம் இருந்தது. தன்மேலேயே நம்பிக்கை போய், தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, பின் அறைக்குப் போய்க் கெரம் காய்ப் பையை எடுத்துவந்தார். காயையெல்லாம் தரையில் கொட்டினார். ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, இரண்டை மட்டும் பைக்குள் போட்டார். வெள்ளை வந்தால் கப்பல். கறுப்பு வந்தால் தோட்டம். அந்தோனியாருக்கும் கேட்கிற மாதிரி அதை வாய்விட்டுச் சொன்னார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். மிஸ்ட் இறங்கிக் கோயில் முற்றமே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சியம்மா வந்தாள். அவளுடைய வெள்ளாடு காணாமல் போயிருந்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோனியாருக்குப் பேர் இருப்பதால், ஆடு மாடு தொலைந்தால் மாரியம்மன் ஆட்களும் மெழுகுதிரியோடு அங்கேதான் வருவார்கள். உள்ளே யாரோ பேசுகிறார்கள் என்று சன்னலால் எட்டிப் பார்த்தாள்.

சாமிக்கு முன்னால் கஸ்பர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிவரக் கெரம் காய். ஒரு கை பைக்குள். அந்தக் கை உடனே வெளியே வரவில்லை. வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்க்கிற பெண்பிள்ளை மாதிரி உள்ளே வெகுநேரம் எதையோ தடவிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு காயை வெளியே எடுத்தார். குனிந்து பார்த்தார். அந்தோனியாரை நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஆடுகிறவன் கள்ள ஆட்டம் ஆடிவிட்டான் என்றால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி. அப்புறம் எல்லாக் காயையும் அள்ளிப் பைக்குள் போட்டுச் சுருக்கை இறுக்கினார். காய் என்ன நிறம் என்று பேச்சியம்மாவுக்குத் தெரியவில்லை. அதனால் என்ன? ஆடு கிடைக்காவிட்டாலும் கதை கிடைத்துவிட்டது. கீழ் லயத்துக்கு இறங்குவதற்குள் அதில் போர்டு வந்தது. பீலிக்கரையில் குடம் நிறைவதற்குள் அந்தோனியார் காயடித்தார்.

கஸ்பர் வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"போகல" என்றார்.

"அந்தோனியாரா சொன்னாரு?"

அவர் அடுப்புச் சூட்டில் கையைக் காட்டினார். விரல்கள் நீலம் பாரித்து இருந்தன. மரியநாயகி அவர் மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். அன்று அவள் அழுத அழுகை ஹட்டன் ஸ்டேஷனில் கப்பலுக்குப் போகிற சனத்தை ஏற்றிக்கொண்டு கோச்சி புறப்படும்போது கேட்கிற அழுகைக்குக் குறைந்தது இல்லை. ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனாள். வந்து கோழியை அடை வைத்தாள்.

பொலிஸ் யாரையும் ஏற்ற வரவில்லை. இரண்டு வருடம் போக, கப்பலே ஓடாமல் நின்றது. அதற்கு அடுத்த வருடம் கிழவி செத்துப்போனதாகத் தந்தி வந்தது. மரியநாயகி தந்தியை அந்தோனியார் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், நான் என்ன செய்ய, சாமி நிறுத்திவைத்துவிட்டார், அவருக்கு ஒரு காரணம் இருக்கும் என்றாள். கஸ்பர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து விறகு பிளக்கப் போனார். விறகு ஏற்கெனவே பிளந்துதான் இருந்தது.

கதை மட்டும் நிற்கவில்லை. எண்பத்தாறாம் வருட அந்தோனியார் திருநாளுக்குப் புதிதாக வந்த பாதர், சொரூபத்தின் காலடியில் பூவுக்கும் மெழுகுக்கும் நடுவில் ஒரு குவியல் கெரம் காய் கிடக்கக் கண்டார். பரீட்சைக்கு ஒன்று, வழக்குக்கு ஒன்று, பிள்ளை வரத்துக்கு ஒன்று என்று சனம் நேர்ந்து வைத்திருந்தது. ராகலையிலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்து, மகனுக்கு வேலை கிடைக்கவென்று சிவப்புக் காயே கொண்டுவந்திருந்தாள். சோலைமலைக்கு மட்டும் சந்தோசம். காய் குறைந்தால் இனிக் கடைக்குப் போகத் தேவையில்லை என்றார்.

பாதர் இது யார் ஆரம்பித்தது என்று கேட்டார். சனம் கஸ்பரைப் பார்த்தது. கஸ்பர் பாட்டு எடுத்துக்கொடுக்க முன்னால் நின்றிருந்தார். மரியநாயகி பெண்கள் வரிசையில், கையில் மெழுகுதிரியோடு.

"கஸ்பர், நெசமாவே இவருகூட வெளையாடித் தோத்தீங்களா?" என்று பாதர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

கஸ்பருக்கு முந்தி மரியநாயகியே பேசினாள். "வெளையாடல்ல பாதர். திருவுளம் கேட்டாரு. அந்தோனியாருதான் எங்கள நிறுத்தி வச்சாரு. எங்கம்மா மொகத்தகூடப் பாக்கல்ல, அவரு சொன்னதுக்காவ இருந்துட்டோம்."

கஸ்பர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். பாதரைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்க்கவில்லை, அந்தோனியாரையும் பார்க்கவில்லை. பெண்கள் வரிசையைப் பார்த்து, ரோலருக்கு மேலே பேசிப் பழகிய அதே குரலில் சொன்னார்:

"அவரு நிறுத்தல்ல மரியா. நா கறுப்புன்னு தடவிப் பாத்துத்தான் எடுத்தேன், குளிருல வெரலு ஏமாத்திருச்சு, வெள்ளதான் வந்துச்சு. அவரு போன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் போக இஷ்டமில்ல."